ஒரு முறைக்குத் தந்த பொருள்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு வங்கக் கடலைத் தடுத்து நிற்க, அதன் மேற்கே தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர்க் காயல் என்பதையும், அதன் தென்கரையில் 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பி நெடுங்காலம் வாணிகம் நடத்தினர் என்பதையும், பனிக்காலத்தில் பூநாரைகள் அங்கே கூட்டங்கூட்டமாக வந்து இரை தேடும் என்பதையும் பலர் அறிவர். அவ்வளவாகப் பேசப்படாததும், என் மதிப்பில் இவை யாவற்றினும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கதுமான செய்தி வேறொன்று அங்கே உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் வாழும் பட்டினவர் என்னும் குலத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வந்திருக்கும் பாடு என்னும் முறையே அது.

இறால் கடலில் பிறந்து, குஞ்சுப் பருவத்திலேயே ஏறும் ஓதத்தோடு முகத்துவாரத்தின் வழியாகக் காயலுக்குள் நுழைந்து, ஆழமற்ற நீரில் உண்டு வளர்ந்து, பருவம் எய்தும்போது மறுபடியும் கடலை நோக்கித் திரும்பும் பிராணி. ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே ஆதலின், நீரோட்டம் வலுத்த இடம் பார்த்துக் கழிகளை நட்டுச் சுத்துவலையைக் கட்டினால், வற்றும் நீரோடு இறங்கி வரும் இறால் அதில் வந்து சேரும். இத்தொழிலில் வலையின் சிறப்பைக் காட்டிலும், கட்டுபவன் திறமையைக் காட்டிலும், வலை நிற்கும் இடமே பெரிது. அத்தகைய நல்ல இடங்களோ, முகத்துவாரத்தை அடுத்தும் அதனோடு கலக்கும் ஓடைகளிலும் சிலவே உள்ளன. வலியவன் எடுத்துக்கொள்வது என்றால் எளியவனுக்கு என்றும் இடமில்லை. முந்தியவன் எடுத்துக்கொள்வது என்றால் இரவெல்லாம் காவலும் விடிந்தால் கைகலப்புமே மிஞ்சும். ஆகவே அவ்வூரார், நீரை யாருக்கும் பிரித்துக் கொடுக்காமல், முறையைப் பிரித்துக் கொடுத்தார்கள். உரிமையுள்ளவர்களின் பெயர்களைக் கொண்டு சீட்டுப் போட்டு, இன்ன துறை இன்னவருக்கு இன்ன முறையில் என்று வகுத்து, அம்முறை முடிந்ததும் அவர் வலையைக் களைந்துகொண்டு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும் என்று நியமித்தார்கள். கொச்சியை அடுத்த வைப்பின் தீவிலும், இலங்கையின் நீர்கொழும்புக் காயலிலும் இம்முறையை ஒத்த ஏற்பாடுகள் உண்டு என்பதை நோக்கும்போது, தென்கடற்கரை நெடுகிலும் ஒரே நெருக்கடிக்கு ஒரே விதமான விவேகம் பிறந்திருக்கிறது என்று கருத இடமிருக்கிறது.

தன் முறையில் வலை கட்டி நிற்கும் மீனவனுக்குச் சொந்தமானவை எவை என்று எண்ணிப் பார்த்தால், அவன் கையில் ஒரே வேளையில் வெவ்வேறு ஆயுளுடைய பொருள்கள் பல இருப்பதைக் காணலாம். படகும் வலையும் மரமும் நூலும் தாங்கும்வரை அவனுடையவை. வலையில் விழுந்த இறால் கரை சேர்ந்து விலையாகும்வரை அவனுடையது. பாடு முறையில் சேரும் உரிமை, அவன் அவ்வூர்க் குடியாக இருக்கும்வரை அவனுடையது. அவன் காலுக்குக் கீழே ஓடும் நீரோ, அந்த ஒரு முறை அளவுக்கே அவனுடையது. முறை முடிந்த மறுகணம் அதே நீரில் அவன் கழி நின்றால், அது உடைமை அன்று, இன்னொருவன் உணவைத் தடுத்த குற்றம். இடம் மாறவில்லை, வலை மாறவில்லை, மனிதனும் மாறவில்லை; காலம் மட்டுமே மாறியது; அதனாலேயே நியாயம் அநியாயமாயிற்று.

நம் சமயங்கள் யாவும் உலகப் பொருள்கள் அநித்தியமானவை என்று ஓயாமல் போதிப்பவை. அப்போதனையைக் கேட்டுக் கேட்டு நாம் பெற்ற பாடமோ, நிலையாதது ஆதலால் அது இழிந்தது, நிலைப்பது எதுவோ அதுவே உயர்ந்தது என்பதாக முடிந்துவிட்டது. பழவேற்காட்டு மீனவனிடம் சென்று, உன் துறை நிலையாதது, ஆகவே அதை வெறுத்துவிடு என்று சொன்னால் அவன் வியப்படைவான்; அந்த ஒரு முறையை நம்பி அவன் வீட்டில் உலை வைத்திருக்கிறார்கள். அவனுக்கு அது மிக விலை உயர்ந்த பொருள். ஆனால் அளவுடைய பொருள். ஒரு பொருள் நிலைக்குமா நிலையாதா என்னும் கேள்வியை விட்டுவிட்டு, ஒரு பொருளின் ஆயுள் எதனுடைய ஆயுளால் அளக்கப்பட வேண்டும் என்று கேட்கத் தொடங்கினால், பற்று என்னும் பழைய விஷயம் புதிய வெளிச்சத்தில் தோன்றும் என்பது என் அபிப்பிராயம்.

இக்கேள்வியை இன்று நாள்தோறும், சமய உணர்ச்சி ஏதும் கலவாமலே, எதிர்கொண்டு விடை கூற வேண்டியவர்களாக இருப்பவர்கள் இணையச் செயலிகளை எழுதும் நிரலாளர்கள். ரயில் முன்பதிவுக்கோ வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கோ ஒருவர் தம் கைப்பேசியில் விரலை வைக்கும்போது, எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்கு ஒரு வேண்டுகோள் போய்ச் சேர்கிறது. அதே கணத்தில் அதே சர்வருக்கு முகமறியாத ஆயிரம் பேரின் வேண்டுகோள்களும் வந்து சேர்கின்றன. வந்தவர் யார், அவருக்கு எதைக் காண அதிகாரம் உண்டு, அவர் கேட்டதில் எவ்வளவு வேலை முடிந்தது என்பன போன்ற விவரங்கள் அவ்வொரு வேண்டுகோளுக்கென்று சர்வரின் நினைவகத்தில் சிருஷ்டிக்கப்பட்டு, பதில் புறப்பட்டவுடன் அழிய வேண்டியவை. அவர் உள்ளே நுழைந்து வெளியேறும்வரை நீடிக்கும் செஷன் விவரங்கள் அவற்றைவிடச் சற்று நீண்ட ஆயுள் உடையவை. செயலி இயங்கும்வரை யாவருக்கும் பொதுவாக நிற்பவை அவற்றினும் நீண்டவை. இம்மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பதே அவர்கள் தொழிலின் மிக நுட்பமான பகுதிகளுள் ஒன்று.

1990-களின் நடுவில் பிறந்த பிஎச்பி என்னும் மொழி இதற்கு மிக எளிய வழியை மேற்கொண்டது: ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கி, பதில் முடிந்ததும் நிரல் நினைவில் வைத்திருந்த யாவற்றையும் விட்டுவிடுவது. ஜாவா போன்றவற்றில், வேகம் கருதி, நிரல் நெடுநேரம் உயிரோடு நிற்கும். வந்துபோகும் வேண்டுகோள்கள் அனைத்துக்கும் ஒரே பொருள் பணிபுரியும். அப்பொருளின் சொந்த இடத்தில், பொறுப்பில்லாத நிரலாளர் ஒருவர், இப்போது வந்தவரின் பெயரை எழுதி வைத்துவிட்டால், அதே கணத்தில் வேறு வழியாக வந்த இன்னொருவரின் வேலைக்கும் அப்பெயரே சென்று சேரும். இத்தகைய ஆபத்தைத் தடுக்கவே, ஒவ்வொரு பொருளையும் அமைக்கும்போதே அதன் ஆயுள் இன்னதென்று அறிவித்துவிடும் வழக்கம் அத்துறையில் வேரூன்றியது.

இவ்வழக்கம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு, உலகெங்குமுள்ள நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் 2021-ஆம் ஆண்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்று நல்ல சான்று. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், தம் பெயரில் உள்ளே இருந்த பயனர் ஒருவர், தாம் ஏதும் செய்யாமலே, திடீரென்று வேறொருவராக உள்ளே நிற்பதைக் கண்டார். நல்லவராகிய அப்பயனர் உடனே வெளியேறி, நடந்ததைத் தெரிவித்தார். ஆராய்ந்தபோது வெளிப்பட்ட காரணம் இது. அத்தளத்துக்குப் பணிபுரிந்த யூனிகார்ன் என்னும் சர்வர், ஒவ்வொரு வேண்டுகோளின் விவரங்களையும் ஒரு தொகுப்பில் இட்டு வைக்கும். வேண்டுகோள் முடிந்ததும் அத்தொகுப்பை எறிந்துவிட்டுப் புதிது செய்வதில்லை. உள்ளே இருந்தவற்றைத் துடைத்துவிட்டு, அடுத்த வேண்டுகோளுக்கும் அதே தொகுப்பையே கொடுக்கும். இதில் பல ஆண்டுகளாகத் தீங்கு நேரவில்லை. பிறகு, வேகத்தைக் கூட்டும் நோக்கத்தோடு, பின்னணியில் தனியாக ஓடும், திரெட் எனப்படும் செயல்இழை ஒன்று சேர்க்கப்பட்டது. அது, பதில் புறப்பட்டுப் போன பின்னும், தான் தொடங்கியபோது கண்ட அத்தொகுப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தொகுப்பு இதற்குள் இன்னொருவருடையதாகிவிட்டது. பிடித்திருந்த திரெட்டோ அதை முந்தையவருடையதென்றே கருதியது. இவ்வாறு ஒருவருடைய அடையாளம் மற்றொருவருடைய கைக்குச் சென்றது. பாதிக்கப்பட்டவை மொத்த செஷன்களில் 0.001 சதவீதத்துக்கும் குறைவு என்று அந்நிறுவனம் அறிவித்தது. என்றாலும் மார்ச் 8-ஆம் தேதி, உள்ளே இருந்த அனைவரையும் ஒருமுறை வெளியேற்றி, மீண்டும் தம்மை நிரூபித்து நுழையும்படி செய்தது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிய தொகுப்பு ஒன்றைத் தருமாறு சர்வரையும் திருத்தியது.

இந்நிகழ்ச்சியில் திருடன் எவனும் இல்லை. தீய எண்ணமும் இல்லை. முறை முடிந்தும் கை விடாமை ஒன்றே இருந்தது. ஆயினும் விளைந்தது, தீய எண்ணம் விளைவிக்கும் தீங்கை ஒத்ததே. பற்று என்றவுடன் ஆசையும் வெறியும் கொண்ட ஓர் உள்ளத்தையே நாம் எண்ணிக்கொள்கிறோம். உள்ளமே இல்லாத ஓர் இயந்திரத்தில், பற்றின் அமைப்பு மட்டும் தனித்து நிற்பதை இங்கே காண்கிறோம்: நீடித்து வாழ்வது ஒன்று, சிறிது காலத்துக்கென்று தரப்பட்ட ஒன்றைத் தன் ஆயுள் முழுவதும் பிடித்துக்கொள்வது. இக்குற்றத்துக்கு மார்க் சீமன் என்னும் நிரல்நூலாசிரியர் 2014-ஆம் ஆண்டில் தனிப்பெயரே இட்டு, அதை விளக்கி எழுதினார்; நெடுவாழ்வுடைய பொருள், குறுவாழ்வுடைய பொருளைத் தனக்குள் சிறைப்படுத்திவிடுவதால், குறுவாழ்வுடையது சாக வேண்டிய காலத்தில் சாகாமல், பழையனவாகிப் போன செய்திகளைப் புதிய செய்திகள்போல் யாவருக்கும் வழங்கிக்கொண்டிருக்கக் கூடும் என்பது இதில் உள்ள அபாயம்.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது மற்றொன்று. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், லிஸ்ப் என்னும் மொழியை ஆக்கிய ஜான் மக்கார்த்தி, பயன் முடிந்த நினைவகப் பகுதிகளை இயந்திரமே கண்டு மீட்டுக்கொள்ளும் ஏற்பாட்டையும் ஆக்கினார். ஒரு பொருள் இன்னும் தேவையா என்பதை இயந்திரம் எவ்வாறு அறியும்? அதன் பயனை அளந்து அறிவதில்லை. இயங்கும் நிரலிலிருந்து தொடங்கி, ஒன்றை ஒன்று சுட்டிப் பிடித்திருக்கும் பிடிகளின் வழியே அதை எட்ட முடிகிறதா என்பதை மட்டுமே பார்க்கும். பிடி உள்ளவரை பொருள் உண்டு. அப்பிடி முற்றும் விட்டபின் அது மீட்கப்படும். பௌத்தர் கூறும் பன்னிரு நிதானங்களுள் உபாதானமாகிய பற்றிலிருந்து பவமாகிய இருப்பு தோன்றுகிறது என்னும் கூற்றை, மணிமேகலை வாயிலாகத் தமிழர் பல நூற்றாண்டுகளாக அறிந்திருக்கிறார்கள். பற்றுவதால் பொருள் இருக்கிறது என்பது கேட்ட மாத்திரத்தில் மனத்துக்குப் புலப்படாத கூற்று. பொருள் இருப்பதால் அன்றோ பற்றுகிறோம் என்றே தோன்றும். இந்த ஒரு சிறு பிரபஞ்சத்திலேனும் அக்கூற்று எழுத்துக்கு எழுத்து மெய்யாக நடைபெறுகிறது என்பதைக் காணும்போது, அதைச் சொன்னவர்களின் நுண்ணறிவை வணங்கத் தோன்றுகிறது.

ஆனால் பௌத்தத்தின் மற்றொரு கொள்கையை இவ்வளவு எளிதில் ஏற்றுவிட முடியாது. பொருள்கள் யாவும் தோன்றிய கணத்திலேயே அழிந்து, அடுத்த கணத்தில் அவற்றைப் போன்ற வேறு பொருள்களே தோன்றுகின்றன என்பது க்ஷணிகவாதம். சைவ சித்தாந்தியாகிய அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறார். சைவரும் தருக்க நூலாராகிய நையாயிகரும் இக்கொள்கைக்கு எதிரே நெடுங்காலமாக நிறுத்திய கேள்வி ஒன்றே: வினை செய்தவன் அக்கணமே அழிந்தான் என்றால், வினையின் பயனை நுகர்பவன் யார்? நேற்றுக் கண்டதை இன்று இது அதுவே என்று அறிகிறோமே, அந்தப் பிரத்யபிஞ்ஞை எப்படிக் கூடும்?

இணையத்தளங்களின் அடிப்படை நெறிமுறையாகிய எச்டிடிபி, இயல்பில் ஒரு க்ஷணிகவாதி. ஒரு வேண்டுகோள் வந்து பதில் போனால், அடுத்த வேண்டுகோளுக்கு முந்தையதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதே மனிதன், அதே இயந்திரம், ஒரு நொடி இடைவெளி, இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று அறியாத இரு பிறவிகள். செய்திகளைப் படிக்க மட்டும் இணையம் பயன்பட்ட காலத்தில் இது குறையாகத் தோன்றவில்லை. கடை வைக்கத் தொடங்கியதும், கூடையில் பண்டத்தை இட்டவனும் விலை கொடுக்க வந்தவனும் ஒருவனே என்று காட்ட வேண்டிய அவசியம் நேர்ந்தது; சைவர் கேட்ட அதே கேள்வி வணிகரின் வாயில் பிறந்தது. 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி, குக்கி என்னும் சிறு அடையாளக் குறிப்பை ஆக்கி, ஒவ்வொரு வேண்டுகோளும் அதைக் கையில் ஏந்தி வருமாறு செய்தார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், வேண்டுகோளின் ஆயுளை அவர் நீட்டவில்லை. அது முன்போலவே தோன்றி அழிந்தது. அதைவிட நீண்ட ஆயுளுடைய வேறொன்றை ஏற்படுத்தி, குறுவாழ்வுகள் யாவும் அதைச் சார்ந்து வரும்படி அமைத்தார். குறுகியது நெடியதைச் சார்ந்து நின்றால் ஒழுங்கு. நெடியது குறுகியதைப் பிடித்துக்கொண்டு நின்றால் கேடு.

சைவ சித்தாந்தத்தின் அமைப்பும் இதுவே என்று நான் கருதுகிறேன். உயிர் அநாதி, அழிவதன்று. அவ்வுயிருக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும், அதாவது உடலும் கருவிகளும் வாழும் இடமும் நுகரும் பொருள்களும், வினை நுகர்ச்சியின் பொருட்டு இறைவனால் கூட்டப்படுகின்றன. அந்நுகர்ச்சி முடிந்ததும் அவை மீட்கப்படுகின்றன. இவை பொய்யல்ல, தோற்றமுமல்ல. மெய்யாகவே தரப்பட்டவை, ஆயினும் அளவோடு தரப்பட்டவை. உடலை உயிர் தாங்கி நிற்பது முறை. உயிர் தன்னையே உடலாகக் கருதி அதைப் பிடித்து நிற்பது கட்டு. மேலும், சம்ஹாரம் என்னும் தொழிலைச் சித்தாந்திகள் கோபத்தின் செயலாகக் கொள்ளவில்லை. பிறந்திறந்து களைத்த உயிர்கள் இளைப்பாறும் பொருட்டு இறைவன் செய்யும் அருட்செயல் என்றே கொண்டார்கள். அழிப்பதும் அருளே என்னும் அக்கொள்கை என் இளமையில் சமாதான வார்த்தையாக மட்டுமே என் காதில் விழுந்தது. இப்போது அதில் ஒரு கண்டிப்பான நியாயத்தைக் காண்கிறேன். முடிந்ததை முடிக்காமல் விட்டால் தொல்லைப்படுபவர் முந்தையவர் மட்டும் அல்லர். இனி வரப்போகிறவர், இதைப் பற்றி ஏதும் அறியாதவர், அவர் தலையில் அது விடிகிறது. துடைத்துவிட்டுப் பழைய தொகுப்பையே தருவதைக் கைவிட்டுப் புதிய தொகுப்பைத் தரத் துணிந்த கிட்ஹப் நிரலாளர்கள், அதனால் சிறிது வேகம் குறையினும் குறையட்டும் என்று எண்ணியிருக்க வேண்டும். அந்த முடிவில் வரப்போகிறவர்மீது ஒரு கருணை இருக்கிறது.

இவ்வளவும் ஏற்றுக்கொண்ட பிறகும், பாட்டு முறையில் என் மனத்தை உறுத்தும் செய்திகள் இரண்டு உண்டு. முதலாவது, முறையின் இரக்கமின்மை. ஒருவனுக்குச் சீட்டில் விழுந்த நாளில் நிலவும் ஓதமும் ஒத்து வந்து வலை நிறையலாம். மற்றொருவன் முறையில் மழை பெய்து, ஆற்று வெள்ளம் இறங்கி, நீரின் உப்பு குறைந்து, வெறும் பாசியே வலையில் மிஞ்சலாம். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும் கோடைகளில் யார் முறையாயினும் வரவு சுருங்கும். நேற்று எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஆகையால் இன்னும் ஒரு நாள் என் வலை இங்கேயே இருக்கட்டும் என்று கேட்பவன் கேட்பது அநியாயமாகத் தோன்றாது. பசியின் நியாயம் அவன் பக்கம் இருக்கிறது. இருந்தும் அதை அனுமதித்தால் முறை என்பதே இல்லாமற்போகும். இங்கே கர்மக் கொள்கைக்கும் பாட்டுக்கும் உள்ள வேற்றுமை வெளிப்படுகிறது. கர்மக் கணக்கு ஒரு பிறவியின் மிச்சத்தை மறுபிறவிக்குக் கொண்டு செல்லும். பாடு எதையும் கொண்டு செல்வதில்லை. ஒவ்வொரு முறையும் கணக்கில்லாமல் தொடங்கிக் கணக்கில்லாமல் முடிகிறது. இழந்தவனுக்கு ஈடு உண்டென்றால், சுற்று முடிந்து அவன் பெயர் மறுபடி வரும்போது அதிர்ஷ்டமும் கூட வரலாம் என்பதுதான். இதைக் கொடுமை என்று சிலர் கூறலாம். நான் அவ்வாறு கருதவில்லை. மிச்சக் கணக்கு வைக்கத் தொடங்கிய எந்தச் சமுதாயத்திலும் அக்கணக்கு எழுதுபவன் கை ஓங்கிவிடும். அவன் தயவை நாடி மற்றவர் நிற்க வேண்டிவரும். சீட்டுக்கு முகமில்லை, உறவில்லை, அது யாருடைய தயவையும் எதிர்பார்க்க வைப்பதில்லை. ஆனால் வெறுங்கையோடு திரும்புகிறவனுக்கு அன்றைய உணவு, முறையிலிருந்து வர முடியாது. அண்டை வீட்டிலிருந்துதான் வர வேண்டும். நியாயம் தர இயலாததை அன்பு தர வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்க முயன்றால் இரண்டும் கெடும்.

இரண்டாவது செய்தி இதனினும் கடுமையானது. பாடு, உரிமையுள்ளவர்களிடையே நீரை ஒழுங்காகச் சுழற்றுகிறது. உரிமையுள்ளவர் யார் என்பதையோ பிறப்பைக் கொண்டு முடிவு செய்கிறது. அது பட்டினவ ஆடவர்க்கு உரியது. அதே ஏரியை நம்பி வாழும் மற்றவர் பலர் உண்டு. இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடித்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதில் இட்டு நிரப்பும் இருளர் பெண்கள் அவர்களுள் அடங்குவர். ஆதிதிராவிட மீனவர்களும் உண்டு. ஏற்றுமதியால் இறாலின் விலை உயர்ந்த பின்னர், இவர்களும் நல்ல நீரில் பங்கு கேட்டதால் இவ்வேரியில் பூசல்கள் எழுந்தன. பாட்டு முறையைப் போற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை ஓரடியில் கடந்து போகிறார்கள். அது நேர்மையாகாது என்பது என் எண்ணம். கதவுக்கு உள்ளே எவ்வளவு அழகிய நீதி நிலவினும், கதவின் வெளியே நிற்பவர்களுக்கு அவ்வழகினால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

பாட்டின் பக்கத்தில் சொல்லத்தக்க வாதமும் இல்லாமல் இல்லை. வருவோர் யாவர்க்கும் துறை திறந்திருந்தால், சுற்று நீண்டு, ஒருவன் முறை மறுபடி வருவதற்குள் அவன் குடும்பம் பட்டினி கிடக்கும்; அல்லது துறைகளின் எண்ணிக்கையைக் கூட்டி, வலைக்கு வலை நெருக்கி நட்டு, கடலுக்குத் திரும்ப வேண்டிய இறாலுக்கு வழியே இல்லாமல் செய்துவிடுவார்கள். எல்லை இல்லாத முறை, முறையாக நிற்காது. சர்வரும், தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வந்த வேண்டுகோள்களை ஏற்க மறுத்தே ஏற்றவற்றைக் காக்கிறது. ஆனால் சர்வர் பிறப்பைப் பார்த்து மறுப்பதில்லை. எல்லை வேண்டும் என்பதற்கும், அவ்வெல்லையைச் சாதியால் வரைய வேண்டும் என்பதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. முன்னதற்குக் கூறிய நியாயத்தைப் பின்னதற்கும் எடுத்துச் செல்வது வாதம் ஆகாது.

இங்கே, பாட்டு முறையின் உள்ளே இருக்கும் தத்துவத்தையே அதன் வெளிச்சுவருக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்லுவேன். ஒவ்வொரு மீனவனையும் நோக்கி ஊர் சொல்வது, இந்த நீர் உனக்கு ஒரு முறைக்கே உரியது என்பது. தன்னை நோக்கியோ, இது எனக்கு என்றென்றைக்கும் உரியது என்று சொல்லிக்கொள்கிறது. தனிமனிதனுக்கு அநித்தியமும் சமூகத்துக்கு நித்தியமும் வகுத்துக்கொள்ளும் இப்பிழை பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதன்று. குலங்களும் கோயில்களும் நாடுகளும் இதையே செய்கின்றன. சித்தாந்தம் இவ்விடத்தில் பின்வாங்குவதில்லை: கூட்டப்பட்டு மீட்கப்படும் நான்கனுள் உடலோடும் போகத்தோடும் புவனத்தையும் சேர்த்தே அது கூறியது. ஊரும் ஏரியும் அதற்குப் புறம்பானவை அல்ல. பட்டினவரின் முன்னோர்க்குமுன் அந்நீரில் வேறு யாரோ இறங்கியிருப்பார்கள். ஆற்று மண் படிந்து தூர்ந்துகொண்டே வரும் அவ்வேரியும் ஒரு காலத்தில் நிலமாகக் கூடும். ஆகவே, இருளர்க்கும் மற்றவர்க்கும் பங்கு உண்டா என்று அவ்வூர்க் கூட்டங்களில் பேச்சு எழும்போது, முதலில் வந்தவர் யார், வழக்கம் எத்தனை தலைமுறையாக நடக்கிறது என்பன போன்ற கேள்விகளைக் காட்டிலும், எத்தனை பெயர்களைச் சேர்த்தால் சுற்றும் குலையாது, ஒவ்வொருவர் அடுப்பும் அணையாது என்னும் கேள்வியே அம்முறையின் சொந்த இயல்புக்கு உகந்தது. அதற்கு விடை காணத் தேவையான கணக்கு, ஓதத்தையும் இறாலையும் நன்கறிந்த அம்மூன்று ஊர்களின் முதியவர்களிடமே இருக்கிறது. கையால் இறால் பிடிக்கும் பெண்களும் அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தால் அக்கணக்கு இன்னும் நிறைவாக இருக்கும்.